அமுக்க முடியாத கைக்கு ஒரு மணி

இரவு இரண்டரை மணி இருக்கும். கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்த பெரியவருக்கு எதனாலோ விழிப்பு வந்தது. எழுந்து விளக்கைப் போட்டார். கட்டிலில் மனைவி கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தார். கன்னமெல்லாம் ஈரம். படுக்கையும் ஈரம். எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தாரோ! கூப்பிட்டுத்தான் இருக்கிறார். பக்கவாதம் இழுத்துவிட்ட வாயிலிருந்து வந்த சத்தம், ஒரு முழம் கீழே படுத்திருந்தவர் காதுக்கு வந்து சேரவில்லை.

நைட்டியை மாற்றி, வெந்நீரில் துடைத்து, விரிப்பை உருவிப் புது விரிப்புப் போட்டு முடிக்கும்வரை அந்த அம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கமே வைத்திருந்தார். நாற்பது வருடத்துக்கும் மேல் ஒன்றாக வாழ்ந்த புருஷன் முன்னால் ஒரு மனுஷி கூசிக்கிடப்பதைப் பார்ப்பது அவருக்குத் தாங்கவில்லை. அதன் பிறகு அவர் தூங்கவில்லை. விடிந்ததும் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பேரனுக்குப் போன் போட்டார். மகள் வயிற்றுப் பேரன், விடுதியில் இருக்கிறான்.

மணி வைத்துப் பார்க்காமல் இல்லை. பூஜை மணியைக் கையில் கொடுத்தார், நழுவி விழுந்தது. கடையில் விற்கும் வயர்லெஸ் காலிங் பெல் வாங்கி, அதன் பட்டனைத் தலையணையோரம் வைத்தார். வாசலில் நிற்பவர் கட்டைவிரலால் அழுத்துவதற்குச் செய்த பட்டன் அது. வலக்கை முழுக்க விழுந்துவிட்டது. இடக்கையில் பல வருட மூட்டுவாதம். விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துகிடக்கின்றன. அந்தக் கையால் தொட முடியும், தடவ முடியும், அமுக்க முடியாது.

“அப்ப அமுக்கவே வேணாம் தாத்தா. தொட்டா போதும்னு ஒண்ணு இருக்கு. செல்போன் ஸ்க்ரீன் மாதிரி” என்றான் பேரன்.

பெரியவர் மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். 11 ஆயிரம் வோல்ட் கம்பியோடு முப்பது வருடத்துக்கு மேல் பழகியவருக்கு 3.3 வோல்ட்டில் ஓடும் சாமான்கள் புதிது. ஆனால் பேரன் சொன்ன விளக்கம் சட்டென்று பிடிபட்டது, ஏனென்றால் அவன் சீலிங் ஃபேன் கண்டென்சரிலிருந்து ஆரம்பித்தான். ஃபேனுக்குப் போடும் கண்டென்சர் 2.5 மைக்ரோ ஃபாரட். ஒரு மைக்ரோ ஃபாரட் என்றால் பத்து லட்சம் பிகோ ஃபாரட். மனித உடம்பும் ஒரு கண்டென்சர் தகடு மாதிரிதான். ஒரு விரல் உலோகத் தகட்டின் பக்கத்தில் வந்தால் அங்கே சில பிகோ ஃபாரட் கூடுகிறது. அந்த அணுவளவு மாற்றத்தைக் கண்டுபிடிப்பதுதான் டச் சென்சரின் முழு வேலையும். அழுத்தம் தேவையில்லை. நடுவில் பிளாஸ்டிக்கோ மரமோ துணியோ மெல்லிசாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்த வித்தை இன்று நேற்று வந்ததில்லை. விரல் தொட்டால் உணரும் திரையைப் பற்றி இங்கிலாந்தின் மால்வர்ன் ராடார் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஈ.ஏ. ஜான்சன் 1965லேயே எழுதிவிட்டார். அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் இருந்தது, இன்றைக்குத் தபால்தலை அளவு பலகையாக ஒரு டீ, ஒரு வடை விலையில் கிடைக்கிறது. அதைத் தேடித்தான் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலேறி, எழும்பூரில் இறங்கி, ஆட்டோவில் ரிச்சி தெருவுக்குப் போனார் பெரியவர். பக்கத்து வீட்டு அம்மா அரை நாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

ரிச்சி தெருவில் அவரைப் பார்த்த கடைப் பையன்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். “என்ன சார், பையனோட காலேஜ் ப்ராஜெக்டா?” ஒரு கடையில் மட்டும் வயதானவர் ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இதுக்கு எதுக்குங்க டச்சு? நீட்டுக் கம்பி வச்ச மைக்ரோ ஸ்விட்ச் இருக்கு, இறகு பட்டாலே போதும். பத்து வருஷம் உழைக்கும்” என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நேர்மையான யோசனை. பாதிப் பேருக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும். பெரியவர் அதையும் வாங்கிக்கொண்டார். வீட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்தக் கம்பி மேலிருந்து கீழே தள்ளினால் மட்டும் வேலை செய்யும், மனைவியின் கை பக்கவாட்டில் மட்டும்தான் நகரும் என்பது தெரிந்தது.

பேரன் எழுதச் சொன்னது டிடிபி223 என்ற டச் பலகை. மூன்றே முனைகள்: பவர், கிரவுண்ட், அவுட்புட். 2 வோல்ட்டிலிருந்து 5.5 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் ஓடும். தொட்டிருக்கும்வரை அவுட்புட் வரும். பலகையில் இருக்கும் ‘பி’ என்ற புள்ளியில் ஒரு சொட்டு ஈயம் வைத்துவிட்டால், ஒரு தொடலுக்கு ஆன், மறு தொடலுக்கு ஆஃப் என்று மாறிவிடும். புரோகிராம் எழுத வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். கூடவே ஒரு பஸ்ஸர், ஒரு பிசி547 டிரான்ஸிஸ்டர், கொஞ்சம் ஒயர். மொத்தச் செலவும் ஆட்டோ கட்டணத்தைவிடக் குறைவு.

அன்று ராத்திரியே மேஜையில் எல்லாவற்றையும் இணைத்துவிட்டார். தொட்டார். பஸ்ஸர் அடிக்கவில்லை. ஒயரை மாற்றினார், டிரான்ஸிஸ்டரைத் திருப்பிப் போட்டார், மீட்டர் வைத்துப் பார்த்தார். வோல்ட் சரியாக வருகிறது, சத்தம் மட்டும் இல்லை. போனில் பேரனைக் கூப்பிட்டு, “பஸ்ஸரை ஏமாத்திக் குடுத்துட்டாங்கடா” என்றார்.

“மறுபடி தொடுங்க தாத்தா.”

தொட்டார்.

“கத்துதே தாத்தா! எனக்கு இங்க கேக்குதே!”

பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸரை எடுத்துக் காதோடு வைத்து மறுபடி தொட்டார். எங்கோ தூரத்தில் ஒரு கீச்சுச் சத்தம். வயதானால் முதலில் போவது இந்த மாதிரிக் கீச்சு ஒலிகள்தான் என்பது அவருக்குத் தெரியாததில்லை. தனக்குப் போய்விட்டது என்பதுதான் தெரியாது. அந்த இரவு மனைவி கூப்பிட்டது ஏன் கேட்கவில்லை என்பதற்கும் அதில் பதில் இருந்தது. அவள் குரல் மட்டும் குறைந்துபோகவில்லை.

மறுநாள் பேரன் சொன்ன மாற்று, பழைய வீடியோ கேம் ஜாய்ஸ்டிக்குக்குள் அதிர்வுக்காக வைத்திருக்கும் சின்ன மோட்டார். செல்போன் மோட்டார் தலையணைக்கடியில் ஈ ஊர்வது போலத்தான் இருக்கும். ஜாய்ஸ்டிக் மோட்டார் தலையையே ஆட்டும். மோட்டார் நிற்கும்போது பின்னால் உதைக்கும் மின்சாரத்துக்கு ஒரு டயோடு குறுக்கே போட வேண்டும் என்பதைப் பேரன் சொல்வதற்கு முன் பெரியவரே சொன்னார். ரிலே காயில்களில் அதைப் பார்த்துப் பழகியவர். ஒரு பழைய ஹவாய்ச் செருப்பின் ரப்பரை வெட்டி, அதில் மோட்டாரைப் பொதிந்து, உறையோடு தலையணைக்குள் தைத்துவிட்டார்.

வாங்கும் முனை ஒருவழியாக முடிந்தது. கொடுக்கும் முனைதான் பாடாய்ப் படுத்தியது.

பலகையில் இருக்கும் தொடு இடம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது. அதை நோக்கிக் குறிபார்த்து விரலைக் கொண்டுபோக மனைவியால் முடியாது. தொடு இடத்தை ஒரு தகட்டால் பெரிதாக்கிக்கொள்ளலாம். சமையலறை அலுமினியத் தாளை வைத்துப் பார்த்தார், அதில் சாதாரண ஈயம் ஒட்டாது. இரண்டாம் முறை ரிச்சி தெருவுக்குப் போனபோது செப்பு டேப் வாங்கினார். டேப் ஒட்டிய தகட்டைக் கட்டிலில் வைத்து, பலகையைத் தள்ளி மேஜைமேல் வைத்து, நடுவில் நீளமாக ஒயர் இழுத்தார். மோட்டார் நினைத்தபோதெல்லாம் அதிர்ந்தது. பக்கத்தில் ஆள் நடந்தால் அதிர்ந்தது, எவர்சில்வர் சொம்பை வைத்தால் அதிர்ந்தது. தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் ஒயர் முழுவதும் தகடுதான், அதுவும் தொடுகையை உணரும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. பலகையைத் தகட்டுக்கு அடியிலேயே வைத்து, நீள ஒயரை அவுட்புட் பக்கம் மாற்றியதும் அடங்கியது.

அடுத்து இரும்புக் கட்டில். தகட்டைக் கட்டில் சட்டத்தில் கட்டினால் எதற்கும் அசையவில்லை. அவ்வளவு பெரிய இரும்புக்குப் பக்கத்தில் ஒரு கையின் சில பிகோ ஃபாரட் எந்த மூலைக்கு? இட்லிமாவு டப்பாவின் பிளாஸ்டிக் மூடியை நடுவில் வைத்து இரண்டு விரல்கடை உயர்த்திய பிறகு உயிர் வந்தது.

அதன் பிறகும் ஒன்று மிச்சமிருந்தது. தகட்டைக் கைக்கு அடியிலேயே வைத்தால் ஓயாமல் அடித்தது. தள்ளி வைத்தால் எட்டவில்லை. பெரியவர் மின்வாரிய டைரி ஒன்றை எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் மனைவியின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்தக் கையை மட்டும் பார்த்தார். காலையில் எழுந்ததும் அது எப்படி இருக்கிறது, மருந்து சாப்பிட்ட பிறகு எப்படி, தூக்கத்தில் எங்கே போகிறது என்று எழுதினார். ஒரு வருடமாகத் தினமும் அந்தக் கையைத் துடைக்கிறார், எண்ணெய் தடவுகிறார், சோறு ஊட்டும்போது பிடித்துக்கொள்கிறார். அது எதைச் செய்ய முடியும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. எதைச் செய்ய முடியாது என்பதையே பார்த்திருந்தார். மணிக்கட்டு வெளிப்பக்கமாக நாலு விரல்கடை நகர்கிறது. சுண்டுவிரல் பக்கத்து விளிம்பு பாயில் உரசிக்கொண்டே போகும், திரும்பி வரும். தூக்கத்தில் பெரும்பாலும் வயிற்றோரமாக வந்துவிடும். டைரியில் கையின் வெளிக்கோட்டை வரைந்து, நாலு விரல்கடை தள்ளி ஒரு கட்டம் போட்டார். தகட்டின் இடம் அதுதான்.

மனைவி கையை நகர்த்தினார். தலையணை அதிர்ந்தது. பெரியவர் பாயில் படுத்துக்கொண்டே, “வந்துடுச்சும்மா, வந்துடுச்சு” என்றார். இன்னொரு முறை செய்யச் சொன்னார். மூன்றாம் முறை அவர் சொல்லாமலேயே அந்த அம்மாள் செய்தார்.

பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் இரவு மின்சாரம் போனது. ஃபேன் நின்றது. புழுக்கம் தாங்காமல் மனைவி கையை நகர்த்தித் தகட்டில் வைத்தார். மின்சாரம் இல்லாததால் மணி இல்லை. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். கால் மணி நேரத்தில் மின்சாரம் வந்தது, ஃபேன் சுழன்றது. மணி மட்டும் வரவில்லை. தண்ணீர் தாகத்தோடு அவர் விடியும்வரை அந்தத் தகட்டைத் தொட்டபடி படுத்திருந்தார்.

பேரன் அதன் விவரக் குறிப்பை எடுத்துப் படித்துக் காட்டினான். அந்தச் சில்லு, மின்சாரம் வந்ததும் முதல் அரை நொடியில் தன்னைச் சுற்றி இருப்பதை அளந்துகொள்ளும். அந்த நேரத்தில் தகட்டில் கை இருக்கக்கூடாது. கை இருந்தால், அதையே வழக்கமான நிலை என்று எடுத்துக்கொண்டுவிடும். கையை எடுத்துச் சில நொடி பொறுத்து மறுபடி வைத்திருந்தால் வேலை செய்திருக்கும். மேஜை விளக்குக்கு அந்தப் பலகை போதும். அலமாரி விளக்குக்கும் போதும். கையை எடுத்தால் திரும்ப வைக்க முடியுமோ முடியாதோ என்று பயந்து வைத்த இடத்திலேயே வைத்திருப்பவருக்கு அது சரிப்பட்டு வராது.

அந்த வாரக் கடைசியில் பேரன் நேரில் வந்தான். பையில் ஈஎஸ்பி32 பலகை இருந்தது. முதல் நாளிலிருந்தே அவன் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். வைஃபை இருக்கிறது, அம்மாவுக்கும் மாமாவுக்கும் போனில் செய்தி அனுப்பலாம் என்பது அவன் ஆசை. “உன் பாட்டி ஒண்ணுக்குப் போகணும்னா அது மெட்ராஸ்ல இருக்கற உங்கம்மாவுக்கு எதுக்குடா தெரியணும்?” என்று பெரியவர் அப்போதே மறுத்திருந்தார். இப்போதும் வைஃபை வேண்டாம் என்பதில் அவர் மாறவில்லை. ஆனால் அந்தப் பலகையில் வேறொன்று இருந்தது. அதன் பத்து முனைகள் தாமாகவே டச் சென்சர்கள். தொட்டார், தொடவில்லை என்று முடிவு சொல்லாமல், அது ஓர் எண்ணைத் தரும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் மணி அடிக்க வேண்டும் என்பதை நாமே எழுதிவைக்கலாம். மின்சாரம் போய் வந்தாலும் எழுதிவைத்த எண் மாறாது.

முதல் மணி நேரம் கேபிளால் வீணானது. லேப்டாப் பலகையைக் கண்டுகொள்ளவே இல்லை. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் அது, தகவல் போகும் கம்பி உள்ளே கிடையாது. போனோடு வந்த கேபிளை மாற்றியதும் திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன.

கை இல்லாதபோது 58. பெரியவர் உள்ளங்கையை வைத்தார், 14. “இருபத்தஞ்சுக்குக் கீழ போனா அடிக்கட்டும்” என்று பேரன் எழுதப் போனான். பெரியவர், “இரு, பாட்டி வைக்கட்டும்” என்றார்.

பாட்டி கையை நகர்த்தினார். எண் 52 ஆனது, 45 ஆனது, 41ல் நின்றது. அதற்குமேல் இறங்கவில்லை. முழு உள்ளங்கை படுவதற்கும், வற்றிய கையின் ஓர் ஓரம் படுவதற்கும் உள்ள வித்தியாசம் திரையில் எண்ணாக நின்றது. இத்தனை நாளும் ஒவ்வொரு மாற்றத்தையும் பெரியவர் தன் கையை வைத்துத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கம்பம் ஏறிய கை அது.

தகட்டை அகலமாக்கி, மேலே ஒட்டியிருந்த தடித்த பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு ஒரு சுற்று மெல்லிய டேப் ஒட்டினார்கள். கை இல்லாதபோது 54, பாட்டியின் கைக்கு 30 என்று வந்தது. 42 என்று எழுதினான் பேரன். தூக்கத்தில் தவறிப் பட்டால் அடிக்காமல் இருக்க, ஒரு நொடி தொடர்ந்து தொட்டிருந்தால்தான் மோட்டார் ஓட வேண்டும் என்றும் சேர்த்தான். முதலில் இரண்டு நொடி வைத்தான். பாட்டி தலையை ஆட்டினார், அவ்வளவு நேரம் கை நிற்காதாம்.

பவர் விஷயத்தில் பவர் பேங்க் வைக்கலாம் என்று பெரியவர் நினைத்தது நடக்கவில்லை. இந்தப் பலகை இழுக்கும் மின்சாரம் சொற்பம். போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்து அந்த பவர் பேங்க் தானாக அணைந்துகொண்டது. மலிவு சார்ஜரில் போட்டால் எண்கள் தாறுமாறாக ஆடின. சார்ஜில் இருக்கும்போது சில போன்களின் திரை பேய் பிடித்ததுபோல் தானாக நகருமே, அதே கோளாறுதான். கடைசியில் இன்டர்நெட் ரவுட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றும், அதை 5 வோல்ட்டாகக் குறைக்க ஒரு எல்எம்2596 பலகையும் வாங்கினார்கள். இவ்வளவு சாமான்களில் அதிகப் பணம் போனது அதற்குத்தான். மணி வேலை செய்வதும் செய்யாததும் அதில்தான் இருக்கிறது என்பதால் பெரியவர் பேரம் பேசவில்லை. ஊசி ஜம்பர் ஒயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு ஒவ்வொரு இணைப்புக்கும் ஈயம் வைத்ததும் அவர்தான். “தொங்கற ஒயரை நம்பி நான் கம்பத்துலயே ஏறினதில்ல” என்றார்.

மழைக்காலம் வந்தபோது எண்கள் கொஞ்சம் நகர்ந்தன. அதனால் தினமும் இரவு ஒன்பது மணிக்கு, மாத்திரை கொடுத்த பிறகு, ஒரு சோதனை நடக்கிறது. பெரியவர் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். அந்த அம்மாள் கையை நகர்த்துகிறார். தலையணை அதிர்ந்தால் அவர் ஒரு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். சில நாள் தூக்க மறந்துவிட்டால் மறுபடியும் அதிர்கிறது.

இப்போது பகலிலும் அடிக்கிறது. டிவி சத்தத்தைக் குறைக்க, காபியில் சர்க்கரை போதாததைச் சொல்ல, வாசலில் காய்க்காரர் வந்திருப்பதைத் தெரிவிக்க. பெரியவர் பக்கத்து வீட்டு அம்மாவிடம், “ரிட்டயர் ஆன பிறகுதான் எனக்கு பிரேக்டவுன் டியூட்டியே” என்று அலுத்துக்கொள்கிறார்.

போன வாரம் அந்த அம்மாள் மணி அடித்து, கண்ணால் ஃபேனைக் காட்டினார். பிறகு தகட்டைக் காட்டினார். பிறகு மறுபடி ஃபேனைக் காட்டினார். பெரியவருக்குப் புரிந்தது. பேரன், “ஒரு ரிலே போர்டு போதும் தாத்தா, இன்னும் ஒன்பது முனை சும்மாதானே இருக்கு” என்றான். பெரியவர் முதலில் முடியாது என்றார். 230 வோல்ட்டை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவர அவர் சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்து, ரிலே சுவரில் ஸ்விட்ச் பெட்டிக்குள் இருக்கட்டும், கட்டிலிலிருந்து அங்கே 5 வோல்ட் ஒயர் மட்டும் போகட்டும் என்று முடிவு செய்தார்.

தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்: செப்பு டேப் ஒரு சுருள், ஆப்டோ வைத்த ரிலே ஒன்று, பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அதற்குக் கீழே, இரண்டாவது தகட்டுக்காக, அந்த அம்மாளின் கையை மறுபடியும் வரைந்திருக்கிறார். இந்த முறை ஐந்து விரல்கடை என்று குறித்திருக்கிறார்.